மாமா ஏறினால் இருமும் கார்

கலியாணம் முடிந்து பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போன முதல் வாரத்திலேயே எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. மாமாவின் சிவப்புக் காரில் மனைவியை ஏற்றிக்கொண்டு, கூரையை மடக்கிவிட்டு, நிந்தவூர் வயல்வெளிப் பக்கம் ஒரே ஓட்டமாக ஓடிவர வேண்டும். அது பழைய ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகக் கிடக்கும். இரண்டு பேர்தான் இருக்கலாம். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். அந்த வீட்டில் மாமா, மாமி, மனைவியின் தங்கைமார், வந்துபோகும் சொந்தங்கள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம். மனைவியோடு நாலு வார்த்தை கதைப்பதற்குள் யாராவது தேத்தண்ணீரோடு வந்து நிற்பார்கள்.

ஆனால் கார் நோயாளி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று இருமும், துள்ளும், இழுவை போய் மாட்டுவண்டியாகிவிடும். கொஞ்சம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் ஓடும்.

"நோய் தெரியாம என்ட மகள அதில ஏத்தமாட்டன்" என்று மாமா அறுதியாகச் சொல்லிவிட்டார். "மருமகன் இதத்தானே படிச்சீங்க? கண்டுபிடிங்க. மறுகா எங்க வேணுமென்டாலும் கூட்டிட்டுப் போங்க."

படித்தேன்தான். சாய்ந்தமருதுக் கடலை நம்பிய எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, தொழில்நுட்பக் கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். ஆகவே படித்த ஒழுங்கிலேயே தொடங்கினேன். பிளக்குகளைத் துடைத்தேன், பெற்றோல் பில்டரை மாற்றினேன், கர்பரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். தனியாகக் காரைதீவுச் சந்தி வரை ஓடிப் பார்த்தேன். ராசா மாதிரி ஓடியது. வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப வாங்க, பாப்பம்" என்று மாமா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஆள் ஆறடிக்கு மேல், உடம்பும் அதற்கேற்ற உடம்பு. எனக்குப் பக்கத்துச் சீற்றைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளிக் கால் நீட்டி அமர்ந்தார். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் பார்த்து, சரியாக அந்த வாசலுக்கு முன்னால் கார் இருமி நின்றது.

"என்ன ஹாஜியார், ஒட்டகத்துக்குத் தண்ணி முடிஞ்சிட்டா?" என்று ஒருவர் மாமாவைக் கேட்டார்.

"இல்ல, படிச்ச மருமகன் ஓட்டுறார். அதான்!" என்றார் மாமா.

அதற்குப் பிறகு எத்தனை தடவை போனோமோ அத்தனை தடவையும் இதே கதைதான். நான் தனியாகப் போனால் கார் பறக்கிறது. மாமா ஏறினால் நிற்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். இங்கே மாறுவது மாமா மட்டும்தான். அதைப் புது மருமகன் எந்த வாயால் சொல்வது?

மாமியிடம் போய் ஒரு மூட்டை அரிசி கேட்டேன்.

"காருக்குச் சோறாக்கப் போறீங்களா மகன்?"

மாமா இருந்த அதே சீற்றில் மூட்டையை ஏற்றி வைத்துக்கொண்டு போனேன். பள்ளிவாசலைத் தாண்டவில்லை, கார் நின்றது. மாமா ஏறினாலும் அரிசி மூட்டை ஏறினாலும் காருக்கு ஒரே நோய்தான். அப்படியானால் பாரம்தான் காரணம். மாமாவிடம் 'நீங்கள் பாரம் அதிகம்' என்று சொல்வதைவிட ஸ்பனரை விழுங்கிவிடலாம்.

"மாமா, பாரம் குறைஞ்ச ஆள் ஒராள வச்சிப் பாக்கணும்" என்றேன். அல்லாஹ் அறிய, சோதனைக்காகத்தான் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் என் மனைவி முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டு ஏற்கெனவே காருக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சோதனைக்குத்தானே?"

"சோதனைக்குத்தான் மாமா."

அவள் குட்டை. முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று சீற்றை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். காரைதீவு தாண்டியது, நிந்தவூரும் தாண்டியது. இரண்டு பக்கமும் பச்சை வயல், முகத்தில் காற்று. கார் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. "இன்னும் கெதியா மச்சான், இன்னும் கெதியா!" என்று அவள் கத்தினாள். நானும் ஏதோ கத்தினேன். வயலில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"கால் மரத்துப் போச்சு" என்று அவள் சீற்றைப் பின்னுக்குத் தள்ளினாள். கொஞ்சத் தூரத்தில் கார் இருமியது, துள்ளியது, வயலோரம் நின்றது.

"நான் ஒண்டும் செய்யல்ல!"

இப்போது மாறியது சீற்று மட்டும்தான். சாவியை மறுபடி திருப்பினேன். பெற்றோல் பம்பின் சத்தமே இல்லை. "சீற்ற முன்னுக்கு இழுங்க" என்றேன். டிக், டிக், டிக் என்று பம்ப் அடித்தது. "பின்னுக்கு." அடங்கியது. "முன்னுக்கு." டிக், டிக். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. றோட்டில் முழங்காலிட்டுச் சீற்றுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். பம்புக்குப் போகும் வயர் அந்த வழியாகப் போகிறது, பாதி அறுந்து கிடக்கிறது. சீற்றைக் கடைசி வரை தள்ளி ஒருவர் அமர்ந்தால் இரும்புச் சட்டம் அதை நசுக்கித் தொடர்பைத் துண்டித்துவிடும். பிறகு கர்பரேட்டரில் மிச்சமிருக்கும் பெற்றோல் தீரும் வரைதான் ஓட்டம். பாரம் மட்டும் காரணமல்ல. மாமாவின் நீளக் கால்கள்! அவர் தள்ளி வைத்த இடத்தில்தான் அரிசி மூட்டையும் இருந்திருக்கிறது.

"வாப்பாட்ட இப்ப சொல்லாதீங்க" என்றாள் அவள். "இன்னும் தேடுறம் என்டு சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து மாமாவின் போன் கோல் வந்தது. "என்ன மருமகன், கண்டுபிடிச்சாச்சா?"

எனக்குப் பொய் வராது. "ஓம் மாமா" என்றேன். கையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"என்ன பிழை?"

"வயர் ஒண்டு மாமா. சீற்றுக்குக் கீழ. அதோட… உங்கட காலும்."

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அப்ப இந்தச் செய்த்தான் நான் ஏறினா மட்டும்தான் நிக்கிதா? வயரக் கட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மாமா. இப்ப கட்டிருவன்."

"வேணா, இன்டைக்குக் கட்டவேணா. கட்டினா நானும் ஏறணும் என்டு வாசல்ல நிப்பன்." குரலைத் தணித்துக்கொண்டார். "பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்கு முந்தி வந்து சேருங்க."

என் மனைவி முழங்கால் முன்பலகையில் முட்டும்வரை சீற்றை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.