வெள்ளைத் துணி தொங்கிய காரில் லா ஷப்பேலிலிருந்து லெ பிளாங்-மெனில் வரை

பழைய காரைப் பாரிசுக்குள் ஓட்டிவரலாமா என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். வரலாம். சென்ற ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டினேன். வழியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காரை வெளியே எடுக்க முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காரணம் ஒரு கலியாணம். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிவநேசன் என் நெடுநாள் நண்பர். அவருடைய மகள் யாழினி எட்டு வயதில் என் காரின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தாள். "உன் கல்யாணத்துக்கு இதுலதான் கூட்டிட்டுப் போவேன், இப்ப இறங்கு" என்று சொல்லி இறக்கினேன். அவள் அதை மறக்கவில்லை. நாள் குறித்ததும் தொலைபேசியில் அழைத்து, "தொந்தோன், காரைக் கழுவி வையுங்கோ" என்றாள். மாமாவை இங்கே பிள்ளைகள் அப்படித்தான் அழைப்பார்கள்.

முதலில் விதிகள். கார் முப்பது வயதைக் கடந்திருக்க வேண்டும். அந்த வகை இப்போது தயாரிப்பில் இருக்கக் கூடாது. பழைய அமைப்பை மாற்றியிருக்கக் கூடாது. இவை சரியாக இருந்தால் 'கொலெக்ஸியோன்', அதாவது சேகரிப்பு வண்டி, என்று குறித்த பதிவுப் பத்திரம் கிடைக்கும். அது கைக்கு வந்தபின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை போதும், புகைக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள்ளும் வரலாம். நான் எழுதும்போது நிலைமை இது. நீங்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், நான் தவறாகவும் படித்திருக்கலாம்.

காப்புறுதி வேறு கதை. நான் சேர்ந்திருந்த பழைய கார் சங்கத்தின் கூட்டுக் காப்புறுதியில் வாடகை ஓட்டம் கூடாது. விளம்பரத்தோடு ஆள் ஏற்றினால் அதுவும் வாடகை ஓட்டமாகவே கொள்ளப்படும். நண்பரின் மகளைச் சும்மா ஏற்றிச் செல்லலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். தாராளமாக, என்றார். சந்தேகம் தீராமல் மறுவாரமும் கேட்டேன். அப்போது சிரித்தார்.

நான் குடியிருக்கும் ஓல்னே-சூ-புவாவிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். நெடுஞ்சாலையைத் தவிர்த்து, ஒபர்வில்லியே வழியாக உள்ளே வந்தேன். ஏறக்குறைய பதினேழு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். ஞாயிறு காலை என்பதால் கடை வாசலிலேயே இடம் கிடைத்தது. மற்ற நாட்களில் அந்தத் தெருவில் நிறுத்த நினைக்க வேண்டாம்.

"முதல்ல உள்ளை வாங்கோ ஐயா, தேத்தண்ணி குடியுங்கோ. காரை மச்சான் சோடிப்பார்" என்றார் சிவநேசன். தேநீரும் இரண்டு ரோல்ஸும் முடித்து வெளியே வந்தால், காரின் இருபுறக் கதவுகளிலும் முழ நீளத்துக்கு ஸ்டிக்கர். 'உபயம்' என்ற சொல், அதன் கீழே கடைப் பெயர், தொலைபேசி எண். நம்மவர்கள் கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு கொடுத்தாலும் அதில் பெயர் எழுதுவார்கள். அந்த வழக்கம் என் கதவுக்கும் வந்துவிட்டது.

"சிவநேசன், இத எடுத்துடுங்க. காப்புறுதி ஒத்துக்காது."

"என்ன ஐயா, உங்கட பேரும் கிடக்கு. வடிவாப் பாருங்கோ."

கிடந்தது. 'நன்றி: சவரிநாதன் ஐயா' என்று, தொலைபேசி எண்ணுக்கும் கீழே, பொடி எழுத்தில்.

மச்சான் ஒரு மூலையை உரித்தார். உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பெயின்ட் அதோடு வந்துவிட்டது. காரோடு பிறந்த பெயின்ட். நிறுத்தச் சொன்னேன். மறைக்கத் துணி வாங்கலாமென்றால் புடவைக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. டிக்கியில் இருக்கை மூடும் வெள்ளைத் துணிகள் இரண்டு இருந்தன. ஜன்னல் கண்ணாடிகளில் செருகி, கதவுகள் மறையத் தொங்கவிட்டேன். எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது யாழினியின் தாய் கடைக்கு மேலிருந்த வீட்டிலிருந்து படியிறங்கி வந்தார். "ஐயோ! இதென்ன, செத்த வீட்டுக்கோ போறம்? வெள்ளை கட்டின காரிலை என்ர பிள்ளை ஏறமாட்டாள்."

"அப்ப துணியைக் கழட்டுங்கோ, முடிஞ்சுது" என்றார் சிவநேசன். "உங்களை மாதிரிப் பொண்டிச்சேரி ஆக்களுக்கு எல்லாத்துக்கும் சட்டம். பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டரிலை ஆர் மறிக்கப்போறான்?"

வாழ்நாளெல்லாம் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவந்தவன் நான். அன்றைக்கென்று முடியாது என்றேன். யாழினி மணப்பெண் அலங்காரத்தோடு நின்று என்னையே பார்த்தாள். "ஸே பா கிறாவ், தொந்தோன்" என்றாள். பரவாயில்லையாம். பிறகு கடைக்குச் சரக்கு ஏற்றும் வான் வண்டியில் ஏறினாள். லெ பிளாங்-மெனில் மண்டபம் வரை வெள்ளைத் துணி படபடக்க, பின் இருக்கை காலியாக, அந்த வானைத் தொடர்ந்து போனேன். யாரும் மறிக்கவில்லை.

மண்டப வாசலில் வீடியோக்காரர் ஓடிவந்தார். "அண்ணை, வானிலை இருந்து பொம்பிளை இறங்கினா வடிவில்லை. உங்கட காரைக் கிட்டக் கொண்டுவாங்கோ." நான் யோசித்து முடிப்பதற்குள் துணிகளை உருவிப் போட்டுவிட்டார். யாழினியைப் பின் இருக்கையில் உட்காரவைத்து இறங்கச் சொன்னார். மூன்று தரம் இறங்கினாள். மூன்றாவது தரம் உட்கார்ந்தபோது குனிந்து, "ஒரு சுத்து, தொந்தோன்? இந்த மூலை மட்டும்?" என்று கேட்டாள். கதவில் உபயம் பளிச்சென்று தெரிந்தது. வேண்டாம்மா என்றேன்.

அந்தக் காணொளியைக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். சங்கத்தில் யாரோ பார்த்துவிட்டார்கள். இரண்டு தரம் அனுமதி சொன்ன அதே செயலாளர் அழைத்து, விளம்பரத்தோடு ஆள் ஏற்றியிருக்கிறீர்கள் என்றார். கார் நின்றுகொண்டிருந்தது, அவள் வந்தது வானில் என்று விளக்கினேன்.

"அப்படியானால் நின்ற காரிலிருந்து மணப்பெண் எதற்கு இறங்குகிறாள், முசியே?"

கூட்டுக் காப்புறுதியிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டார்கள். தனியாகக் கேட்ட நிறுவனங்கள் என் வயதைப் பார்த்துக் கையை விரித்தன. சிவநேசனும் இப்போது அழைப்பதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பதிவுப் பத்திரமும் காப்புறுதிச் சான்றும் கையில் இருக்கட்டும். சங்கம் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். தேநீர் குடிக்கப் போகும்போது காரை யாரிடமும் விடாதீர்கள். டிக்கியில் வெள்ளைத் துணி வைக்காதீர்கள், சிவப்பு நல்லது. இவ்வளவையும் செய்த பிறகும் யாராவது பின் இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்றுக் கேட்டால், விதியைப் பார்க்காமல் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். அந்த மூலைவரை போயிருந்தாலும் எனக்கு இதே தண்டனைதான் கிடைத்திருக்கும்.