முதல் மேல் நட், பிறகு கீழ் நட்

கியர் ஒயில் விக்கிறவன்ர கடைக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை, மணமே காணும். நெடுங்கேணிச் சந்தைக்குக் கிட்டக் கடையும், வாகனத்துக்கு அடியில நிண்டு வேலை செய்யக் குழியும் போட்டுப் பதினாலு வருசமாகுது. இண்டைக்கும் கிணத்தடியில சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டு வந்தாத்தான் என்ர மனிசி என்னைக் குசினிக்குள்ள விடுவா.

வாகனம் வச்சிருக்கிற பாவியளே, உங்களுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான். எஞ்சின் ஒயிலை எல்லாரும் நேரத்துக்கு மாத்திப்போடுவம். பின் அச்சுக்கு நடுவில பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்புக்கூடு தொங்குதெல்லோ, அதுதான் டிப்ரன்ஷல். வளைவில ரெண்டு சில்லையும் ரெண்டு வேகத்தில சுத்த விடுறது அதுதான். அதுக்குள்ளயும் ஒயில் இருக்கெண்டது, அது ஊளையிடத் தொடங்கினாப் பிறகுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். பேந்து எந்த ஒயில் ஊத்திறதெண்டு ஒரு சண்டை. அந்தச் சண்டையில நான் தோத்த கதையளைத்தான் சொல்லப்போறன்.

இயற்கையும் செயற்கையும்

முதல் முதலா சிந்தெட்டிக் கியர் ஒயில் கொண்டுவந்து தட்டில அடுக்கினபோது ஒருத்தரும் தொட்டும் பாக்கேல்லை. விலை ஒரு பக்கம். சிந்தெட்டிக் எண்டாச் செயற்கை, செயற்கை எண்டாப் போலி எண்டு சனத்துக்கு ஒரு நினைப்பு. நானும் வாய் நோகச் சொல்லிப் பாத்தன், இது சுமையில சூடேறினாலும் கெதியாப் பழுதாகாது, மார்கழிக் குளிரிலயும் கட்டிபடாமல் ஓடும், கனநாளைக்கு நிண்டு பிடிக்கும் எண்டு. கேட்டிட்டு எல்லாரும் பழைய ஒயிலையே வாங்கிக்கொண்டு போவினம்.

நெல்லு மூட்டை ஏத்திற டபிள் கப் பிக்கப் ஒண்டு வச்சிருக்கிற கமக்காரர் ஒராள் மட்டும் ஆறுதலா இருந்து முழுக்கக் கேட்டார். கேட்டிட்டு, இது இயற்கைச் சேதனமோ இரசாயனமோ எண்டார். பொய் சொல்ல மனம் வரேல்லை, இரசாயனம்தான் ஐயா, தொழிற்சாலையில செய்தது எண்டன். அந்த மனிசன்ர முகம் அப்பிடியே மலர்ந்திட்டுது. இரசாயன உரத்தைத் தடை செய்து, இயற்கை உரம் போடச் சொன்ன வருசம் அவற்ற வயல் மஞ்சளாக் கிடந்ததை நானும் பாத்தனான்.

“இயற்கை எண்டு ஒருக்காப் பட்டது காணும் தம்பி. செயற்கையெண்டாக் கண்ணை மூடிக்கொண்டு ஊத்துங்கோ.”

சத்தத்துக்கு மருந்து

டிப்ரன்ஷல் கத்தினா, ஆகத் தடிச்ச ஒயிலா, நூற்றிநாப்பதாம் நம்பரா ஊத்திச் சத்தத்தை அமத்திறது எங்கட பக்கத்து வழக்கம். காய்ச்சல்காரனுக்குப் போர்வை போத்து மூடிற மாதிரி. உள்ளுக்க பல்லுத் தேஞ்சது தேஞ்சதுதான். ஆனால் வாகனத்தை விக்கப்போற ஆளுக்கு அதைப்பற்றி என்ன கவலை?

கணக்கு வாத்தியார் ஒருத்தர் ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கேக்க பூனை மாதிரி ஓடிச்சுதாம். மூண்டாம் கிழமை கத்தத் தொடங்கீட்டுது. நூற்றிநாப்பது ஊத்தச் சொல்லி வந்தவர். முதல் உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பாப்பம் சேர் எண்டு, ஒயில் வடிக்கிற கீழ் நட்டைக் கழட்டினன். ஒயில் வரேல்லை. களி மாதிரி ஏதோ வந்திது. விரலால எடுத்துத் தேச்சுப் பாத்தா மரத்தூள்! ஒயிலோட மரத்தூளைக் குழைச்சு அடைச்சு, சத்தத்தை அமத்தி, அவற்ற தலையில கட்டிவிட்டிருக்கிறாங்கள். அவர் கோவிப்பார் எண்டு பயந்துகொண்டு நிண்டன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு திரும்ப ஒருக்காப் பாத்தார்.

“விடை தெரியாத பிள்ளை பக்கத்தை நிரப்பி வைக்கிற வேலைதான் இது. நானும் மேலோட்டமாப் பாத்து முழுப் புள்ளி போட்டிட்டன்.”

என்ர கை

ரவூப் நானா முல்லைத்தீவுப் பக்கம் புடவை வியாபாரம் செய்யிறவர். கனவருசம் இடம்பெயர்ந்து புத்தளத்தில இருந்திட்டுக் குடும்பத்தோட திரும்பி வந்தவர். வியாபாரத்துக்கெண்டு எடுத்த வானில, கிழமைக்கு ரெண்டு நாள் சிறுநீரக வருத்தக்காரரை ஏத்திக்கொண்டு வவுனியா ஆசுப்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிக்கொண்டு போவார். டீசலுக்குத் தாறதைத் தாங்கோ எண்டுதான் கேக்கிறவர்.

அந்த வானுக்கு நான் வழக்கம்போல நூற்றிநாப்பது எடுத்தன். நானா தடுத்து, வாகனத்தோட வந்த புத்தகத்தை விரிச்சுக் காட்டினார். சிந்தெட்டிக், எழுபத்தைஞ்சு தொண்ணூறு எண்டு நம்பர் கிடந்திது. வன்னி வெக்கைக்கு உது தண்ணி மாதிரி நானா எண்டன். செய்தவனுக்குத் தெரியாததோ எண்டு சிரிச்சார். எனக்கு ரோசம் வந்திட்டுது. புத்தகத்தில போட்டதையே ஊத்திப்போட்டு, அந்த ரோசத்தை மேல் நட்டில காட்டினன். ஒயில் ஊத்திறது அந்த மேல் நட்டுத் துவாரத்தாலதான். ஸ்பனரில ஒரு நீட்டுக் குழாயைச் செருகித் தொங்கி இறுக்கிப்போட்டு, இது என்ர கை, ஆனை இழுத்தாலும் அசையாது எண்டு பெருமையும் அடிச்சன்.

“தம்பி, இறுக்கிறதுக்குக் கனபேர் இருக்காங்க. கழட்டவும் நீங்கதான் வரணும், மறந்திடாதீங்க.”

பத்து நிமிசம்

போன மாரியில குளம் முட்டி வழிஞ்சு றோட்டெல்லாம் வெள்ளம். ஒரு காலமை ரவூப் நானா வானைக் கொண்டுவந்து குழிக்கு மேல நிப்பாட்டினார். உள்ளுக்க மூண்டு வருத்தக்காரர். அதில ஒராள் முன் சீற்றில இருந்த பாக்கியம் அக்கா. வெள்ளத்தால அதுக்கு முதல் முறையும் அவா போகேல்லை. கால் ரெண்டும் வீங்கி, ரெண்டு சொல்லுக்கு ஒருக்கா மூச்செடுக்கிறா. பத்து மணிக்கு அங்க நிக்கவேணும். பிந்தினா மிசின் அடுத்த ஆளுக்குப் போயிடும், பிறகு மூண்டு நாள் பொறுக்கவேணும்.

வாற வழியில அச்சுக்கு மேலால தண்ணி போனது, ஆசுப்பத்திரிக்குப் போட்டு வந்து பாப்பமோ எண்டு நானா கேட்டார். நான்தான் விடேல்லை. பத்து நிமிச வேலை நானா எண்டு குழிக்குள்ள இறங்கிக் கீழ் நட்டைக் கழட்டினன். பால்தேத்தண்ணி நிறத்தில வந்திது. தண்ணி கலந்திட்டுது, பாத்தியளோ எண்டு கெட்டித்தனமாச் சொல்லிக்கொண்டு கடைசித் துளி மட்டும் வடிய விட்டன். பேந்து கீழ் நட்டைப் பூட்டிப்போட்டு மேல் நட்டில ஸ்பனரை வச்சன். அசையேல்லை. குழாயைச் செருகித் தொங்கினன். நட்டின்ர ஆறு மூலையும் வழிச்சுக்கொண்டு போச்சு. உளியும் சுத்தியலும் வச்சு அடிச்சும் பாத்தன். ஆனை இழுத்தாலும் அசையாதெண்டு இறுக்கினவன் நானெல்லோ.

ஒயில் இல்லாமல் ஓடேலாது. ஊத்த வழியில்லை. சந்தையில நிக்கிற வான் ரெண்டும் வெள்ளத்துக்கு அங்கால மாட்டுப்பட்டுப் போச்சு, பஸ்சும் வரேல்லை. ஒரு மனிசியைக் கொல்லப்போறன் எண்டுதான் நினைச்சன்.

பாக்கியம் அக்கா ஜன்னலால எட்டிப் பாத்து, உந்தக் கூட்டுக்கு வேற துவாரமே இல்லையோ எண்டு கேட்டா. மேல காத்துப் போய்வாறதுக்கு ஒண்டு இருக்கக்கா, சுண்டுவிரலும் போகாது எண்டன். அவா சேலைத் தலைப்பை விலத்தி, ஊசி ஏத்தி ஏத்தித் தடிச்சுப்போன இடது கையைக் காட்டினா.

“என்ர உடம்பு ரத்தம் முழுக்க இந்த ரெண்டு ஊசித் துவாரத்தாலதான் போய் வருது. உன்ர ரெண்டு லீற்றர் ஒயில் போகாதோ?”

நாப்பது

பக்கத்து மருந்துக்கடைக்கு ஓடினன். ஆகப் பெரிய ஊசிக்குழாயும் சேலைன் ரியூப்பும் வாங்கினன். தேத்தண்ணிக் கடையில கொதிதண்ணி வாங்கி ஒயில் போத்திலை அதுக்குள்ள வச்சுச் சூடாக்கினன். நான் குழிக்குள்ள நிண்டு காத்துத் துவாரத்தில ரியூப்பைப் பிடிக்க, நானா வெள்ளைச் சாரத்தோட சேத்தில குந்தியிருந்து குழாயால தள்ளினார். சிந்தெட்டிக் ஒயில் முரண்டு பிடியாமல் இறங்கிச்சு. நான் ஊத்தவேணுமெண்டு நிண்ட அந்த நூற்றிநாப்பதெண்டா, பின்னேரம் மட்டும் தள்ளியிருந்தாலும் பாதி போயிராது. நானாவின்ர புத்தகத்தை மனதுக்குள்ள கும்பிட்டன். ஒரு குழாய்க்கு அம்பது மில்லி. மேல இருந்து பாக்கியம் அக்கா மூச்சு வாங்கி வாங்கி எண்ணினா. இருவதில ஒருக்கா நிப்பாட்டினா, எனக்கு உயிர் போட்டு வந்திது. தண்ணி விடாய்க்குது, ஆனால் இந்த வருத்தத்தோட குடிக்கேலாது எண்டு சொல்லிப்போட்டுத் திரும்ப எண்ணினா. நாப்பது எண்டதும் வான் வெளிக்கிட்டிட்டுது.

நான் கடையைத் திறந்தபடி விட்டிட்டு றோட்டையே பாத்துக்கொண்டு நிண்டன். பத்தேகாலுக்கு நானாவின்ர போன் வந்திது. பத்துக்கு ஒரு நிமிசம் இருக்கப் போய்ச் சேந்தவையாம், மிசின் போட்டாச்சாம். எனக்கு அழுகைதான் வந்திது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா எண்டன்.

“அழாதீங்க தம்பி. நாளைக்கு வாறன், அந்த நட்டைக் கழட்டி வைங்க. இந்த முறை கையைக் கொஞ்சம் பாவம் பாத்து இறுக்குங்க.”

ஜன்னல்

அடுத்த நாள் வெல்டிங் அடிச்சுத்தான் அந்த நட்டைக் கழட்டினது. புது நட் போட்டு, கலங்கல் கழுவுப்பட ஒயிலையும் திரும்ப மாத்தினன். மூலையெல்லாம் வழிஞ்ச பழைய நட் கடையில சாமிப்படத்துக்குப் பக்கத்தில கிடக்குது. விளக்கு வைக்கேக்க அதையும் பாப்பன்.

இப்ப எந்த வாகனம் வந்தாலும் முதல் மேல் நட்டைக் கழட்டிப் பாத்திட்டுத்தான் கீழ் நட்டில கை வைக்கிறன். அதை நான் மறந்தாலும் மறக்க விடாத ஆள் ஒராள் இருக்கிறா. கிழமைக்கு ரெண்டு காலமை நானாவின்ர வான் என்ர கடையடியில வேகம் குறையும். முன் ஜன்னல் இறங்கும். பாக்கியம் அக்காவின்ர முகத்தைக் கண்டாத்தான் எனக்கு அண்டைய வேலை ஓடும். நான் குழிக்குள்ள நிண்டாலும் ஏறி வந்து தலையைக் காட்டுவன். அவா சுகமோ எண்டு கேக்கமாட்டா, சந்தையில நிக்கிற சனமெல்லாம் கேக்க ஒரே கேள்விதான்.

“டேய் தம்பி, மேல் நட்டை முதல் கழட்டினனியோ?”

பதினாலு வருசமா ஒயில் வித்து நான் படிச்சதெல்லாம், புத்தகத்தில போட்ட ஒயிலை ஊத்தவேணும், ஊத்த வழியிருக்கோ எண்டு பாத்திட்டு வடிக்கவேணும் எண்ட ரெண்டே ரெண்டுதான், அதுவும் ஒண்டைப் புடவை வியாபாரியும் மற்றதை வருத்தக்காரியும் சொல்லித் தந்தது.