சந்தனமா, ஜம்பரா?

அன்று அந்தக் கம்ப்யூட்டர் அட்டை வேலை செய்யத் தொடங்கியது எதனால்? அதன் ஓரத்தில் அப்பியிருந்த சந்தனத்தை நான் துடைத்ததாலா, அதன் நடுவிலிருந்த ஜம்பரை டிரெசர் இடம் மாற்றியதாலா? என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எழுந்த கேள்வி இது. அவளுக்கு இப்போது ஆறு வயது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ஆனால் அந்தக் காட்சி மட்டும் அப்படியே இருக்கிறது. மேசைமேல் விரித்த வெள்ளைத் துண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை அட்டை கிடக்கிறது. அதன் கீழ் ஓரத்தில் பஞ்சு பிடித்த என் விரல்கள். மேலே இடுக்கி பிடித்த டிரெசரின் விரல்கள். ஸ்பிரிட் வாசமும் சந்தன வாசமும் கலந்து மூக்கில் ஏறுகின்றன. சுவருக்கு அப்பால் என் மகள் பசித்து அழுகிறாள்.

அப்போது மந்தின் என்ற ஊரிலிருந்து உள்ளே போகும், ரப்பர் பால் எடுக்கும் ஒரு கித்தா தோட்டத்தின் ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஐந்தாம் படிவம் முடித்து, சிரம்பானில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்வந்தவள் என்பதால் தொழிலாளர்களின் பேர்ப்பதிவும் சம்பளக் கணக்கும் என் பொறுப்பு. அந்தக் கணக்கெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வெள்ளையாக வந்து மஞ்சளாகிப்போன பெட்டி. காலையில் அதன் சுவிட்சைப் போட்டுவிட்டு நான் தேநீர் கலக்கிக் குடித்து முடிக்கும்போதுதான் அது விழிக்கும். ஆனால் எனக்கு அந்த ஆபீசில் பிடித்தது பெட்டியல்ல, அதன் பின்சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஆயாக்கொட்டகை. வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப்போவார்கள். என் மகளும் அங்கே ஒரு துணித்தூளியில் கிடப்பாள். அழுதால் எனக்குக் கேட்கும். எழுந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வேன். அத்தனை தூளிகளுக்கு நடுவே என் பிள்ளையின் அழுகை எது என்று எனக்குத் தனியாகத் தெரியும். அதற்கு முன்பே என் ரவிக்கைக்குத் தெரிந்துவிடும், நனைந்திருக்கும்.

டிரெசர் என்பது அவருடைய பெயரல்ல, பதவி. தோட்டத்துக் கிளினிக்கைப் பார்த்துக்கொண்டவர். நாற்பது தாண்டியவர், தொந்தி கொஞ்சம், பேச்சு நிறைய. பிள்ளை பிறந்ததிலிருந்து நான் அவரைப் படுத்தாத பாடு இல்லை. பால் கக்கினாள் என்று ஓடுவேன். கக்கவில்லை என்றும் ஓடுவேன். "என்னா தங்கச்சி, இன்னைக்கு என்னா புகார்? பிள்ளை சிரிக்குதுன்னு வந்தியா?" என்று வாசலிலேயே கேட்பார். ஆனால் ஒருநாளும் பார்க்காமல் அனுப்பியதில்லை. தராசில் போட்டு, வாயைத் திறக்கவைத்து, வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேலி தொடரும். மருந்து கொடுப்பதில் மட்டும் அவர் கறார். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கேட்டால் கோபம் வரும். "ஒண்ண மாத்து, பொறு, பாரு. ரெண்டையும் ஒண்ணா குடுத்தா எது கேட்டுச்சுன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்பார். தோட்டத்தில் எல்லோருக்கும் அந்த வாக்கியம் மனப்பாடம். பிள்ளைகள் அதைச் சொல்லி விளையாடுவார்கள்.

மானேஜர் அறைக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தபோதுதான் தொல்லை தொடங்கியது. என் பழைய பெட்டியையும் அந்தப் புதியதையும் கம்பியால் இணைக்க வேண்டும், கணக்கு உடனுக்குடன் புதியதில் தெரிய வேண்டும், அங்கிருந்து போன் வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சிரம்பானிலிருந்து உத்தரவு வந்தது. இணைக்க முடியாவிட்டால் சம்பளக் கணக்கையே சிரம்பானுக்கு மாற்றிவிடுவார்கள். நானும் அங்கே போய்விடலாம். வேலை போகாது என்றார் மானேஜர். அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். நான் மனதுக்குள் பஸ்ஸை எண்ணிப் பார்த்தேன். பிள்ளை விழிக்கும் முன் கிளம்பி, இருட்டியபின் திரும்ப வேண்டும். நடுவில் பால்? என் கணவர் சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். வேலையை விட்டுவிடுவோம் என்று சொல்லும் வசதி எங்களுக்கு அப்போது இல்லை.

இணைப்பு வேலைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். கம்பியை இழுத்துப் பொருத்தினார். மானேஜரின் கம்ப்யூட்டருக்குள் ஒரு நெட்வொர்க் அட்டையைச் செருகினார். என் பெட்டியைத் திறந்து பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "இது ரொம்பப் பழசுலா. எடுக்காது" என்று சொல்லிவிட்டு, எனக்கான அட்டையை அதன் டப்பாவோடு மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். டப்பாவுக்குள் அட்டையும், ஒரு டிஸ்க்கும், மெல்லிய கையேடும் இருந்தன. நான் அந்தக் கையேட்டைத் தூளியாட்டிக்கொண்டே படித்தேன். முயன்று பார்க்கிறேன் என்று மானேஜரிடம் சொன்னேன். சீனரான அவர் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் பேசுவார். "போலேகா?" என்று கேட்டார். முடியுமா என்று. முடியும் என்றேன். அறைக்கு வெளியே வந்ததும் ஏன் சொன்னேன் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் தோட்டத்தில் அன்று பால் வெட்டும் உளியிலிருந்து லோரி வரை எல்லாவற்றுக்கும் குளியல் உண்டு, பொட்டும் உண்டு. ஆபீசில் தட்டச்சு இயந்திரம், தராசு, பேர் கூப்பிடும்போது அடிக்கும் மணி, என் கம்ப்யூட்டரின் நெற்றி, டிரெசரின் ஸ்டெதஸ்கோப் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை அக்கா. புதிய அட்டையும் சாமி படத்தின் முன்னால் இருந்தது. பூஜை முடிந்து நான் அதை எடுத்தபோது, ஓரத்தில் பல்வரிசைபோல் இருக்கும் தங்கநிறக் கோடுகள்மேல் மூன்று இடங்களில் சந்தனம் தாராளமாக இருந்தது. கம்ப்யூட்டருக்குள் செருகும் பக்கமே அதுதான்.

"என்னக்கா, இங்கயா வைப்பாங்க?" என்றேன்.

"பொன்னு மாதிரி பல்லு வச்சிருக்கு. அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?" என்றார் அவர்.

புடவைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்தேன். போய்விட்டதுபோல் தெரிந்தது. அழுத்தித் தேய்த்தால் தங்கநிறம் உரிந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். அடுத்த வேலைநாள் காலையில் பெட்டியைத் திறந்து, கையேட்டில் சொன்னபடி முதலில் இரும்புச் சட்டத்தைத் தொட்டு, அட்டையைக் காலியிடத்தில் செருகி, டிஸ்க்கைப் போட்டுச் சோதனை நிரலை ஓடவிட்டேன். அட்டை எதுவும் காணப்படவில்லை என்று திரையில் வந்தது. மீண்டும் ஓடவிட்டேன். அதே வரிதான். கையேட்டைப் புரட்டினேன். பழைய கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முகவரி உண்டு. இரண்டு பாகங்கள் ஒரே முகவரியில் இருந்தால் இரண்டும் குழம்பும். இந்த அட்டை வந்த அமைப்பில் அதன் முகவரி என் பிரிண்டரின் முகவரியோடு உரசுவதாகப் பட்டியலைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அதை மாற்ற, அட்டைமேல் முளைத்திருந்த ஊசிகளில் மாட்டியிருக்கும் ஒரு கறுப்புத் தொப்பியைக் கழற்றி வேறு ஊசிகளில் மாட்ட வேண்டும். அதற்குப் பெயர்தான் ஜம்பர். உளுந்தைவிடக் கொஞ்சம் பெரியது. அட்டையைக் கழற்றி வெளியே எடுத்தும் என் விரலுக்கு அது அகப்படவேயில்லை. நகம் வழுக்கியது, ஊசியை வளைத்துவிடுவேனோ என்று விட்டுவிட்டேன்.

கிளினிக்குக்கு ஓடினேன். பிள்ளையைத் தூக்காமல் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. "யாருக்கு என்னா?" என்று அவரே பயந்து எழுந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு டிரேயில் வெள்ளைத் துண்டு, இடுக்கி, பஞ்சு, ஸ்பிரிட் போத்தல் எல்லாம் அடுக்கிக்கொண்டு பின்னால் வந்தார். ஆபீசுக்குள் நுழையும்போதே, "தியேட்டர் எங்க? நோயாளி காலையில எதுவும் சாப்பிடலல்ல?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். மானேஜர் மட்டும் சிரிக்கவில்லை. உடைந்தால் தலைமை அலுவலகம் தன்னைத்தான் கேட்கும் என்றார் மலாயில். நான் அப்படியே நின்றுவிட்டேன். டிரெசர் துண்டை மேசையில் விரித்துக்கொண்டே அவருக்கு மலாயில் பதில் சொன்னார். கெட்டுப்போனால் டிரெசர் தொட்டுக் கெட்டது என்று எழுதுங்கள், என் கைதான் கத்தி பிடித்த கை, நம்புவார்கள் என்று. விளையாட்டுபோலத்தான் சொன்னார். ஆனால் சொன்னது மானேஜரிடம், எல்லோர் காதிலும் விழும்படி. அதற்குப் பிறகுதான் நான் அட்டையை எடுத்து அந்தத் துண்டின்மேல் வைத்தேன்.

கம்ப்யூட்டரை அவர் அதற்கு முன் தொட்டதுகூட இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்து மூக்கருகில் கொண்டுபோனார். "இது சந்தனந்தான் தங்கச்சி. பல்லு இடுக்குல காஞ்சு கெடக்கு பாரு. மொதல்ல இத தொடச்சிட்டுப் போட்டுப் பாப்போம்" என்றார்.

"இல்லண்ணே, முகவரிதான். பொஸ்தகத்துல தெளிவா போட்டிருக்கு. ஜம்பர மாத்திட்டுப் பாப்போம்."

"எது மொதல்லன்னாலும் சரி, ஒண்ணுதான். ஒண்ண மாத்து, பொறு…"

"பாரு" என்று எல்லோரும் சேர்ந்து முடித்தார்கள்.

அப்போதுதான் சுவருக்குப் பின்னாலிருந்து அழுகை வந்தது. என் மகளுடையது. வழக்கமான நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. ஆயாக்கொட்டகை அக்கா, "கிராணியம்மா, இவ தொண்டைய கிழிச்சிக்கிறா!" என்று கத்தினார். எனக்கு மாரில் பால் கட்டி வலித்தது. டிரெசர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் திணித்தார். இடுக்கியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீ சந்தனத்த தொடச்சிடு. எந்த ஊசின்னு சொல்லு, நான் மாத்துறேன்."

"ரெண்டையும் ஒண்ணாவாண்ணே?"

"பெட்டி காத்திருக்கும்லா, பிள்ளை காத்திருக்குமா?"

பஞ்சு மஞ்சளாயிற்று. ஜம்பர் ஒரே இழுப்பில் கழன்று, நான் காட்டிய இடத்தில் உட்கார்ந்தது. அட்டையை அழுத்திச் செருகினேன். நிரல் ஓடியது. அட்டை காணப்பட்டது என்று திரை சொன்னது. மீதி வேலை, அமைப்புக் கோப்பில் வரிகளைச் சேர்த்து, புதிய முகவரியைக் கொடுத்து, பெட்டியை மறுபடி எழுப்புவது. அதை நான் பிள்ளையை மடியில் வைத்து, துண்டால் மூடிப் பால் கொடுத்துக்கொண்டே ஒற்றைக் கையால் தட்டச்சு செய்தேன். டிரெசரே போய் அவளைத் தூக்கிவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஆண்களையெல்லாம் அறையைவிட்டு வெளியே கூட்டிப்போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் மானேஜர் அறையிலிருந்து, "போலே! போலே!" என்று குரல் வந்தது. அவர் திரையில் என் சம்பளக் கணக்கு தெரிந்தது. பிறகு நெடுநாள் வரை, முடியும் என்று தனக்கு அன்றே தெரியும் என அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சிரம்பானுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மகள் பால் மறக்கும் வரை அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால் முதலில் டிரெசர் முகம்தான் வரும்.

ஆனால் என் புத்தி எப்படிப்பட்டது என்றால், மறுநாளே அவரிடம் போய் நின்றேன். ஜம்பரைப் பழைய இடத்துக்கு மாற்றிப் பார்க்கலாமா, அப்போதும் ஓடினால் சந்தனம்தான் காரணம் என்று தெரிந்துவிடும் என்றேன். அவர் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா ஓடிக்கிட்டிருக்கா?"

"ஓடுதுண்ணே."

"அப்புறம் எதுக்கு அத மறுபடி படுக்கப் போடணும்? போ தங்கச்சி, போய் வேலையப் பாரு."

"நீங்கதானே சொல்வீங்க, எது கேட்டுச்சுன்னு தெரியணும்னு?"

"அது காசு வாங்கிக்கிட்டுச் சொல்றது" என்றார். தோட்டத்தில் அவர் யாரிடமும் காசு வாங்கியதில்லை. அந்த அட்டையை அதன்பின் யாரும் கழற்றவேயில்லை.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. வீடு கட்ட விற்றுவிட்டார்கள். டிரெசர் கோலா கிளாவாங் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்வி. நாங்கள் சிரம்பானுக்கு வந்துவிட்டோம். நான் சுங்கை காடுட்டில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். தொண்டையைக் கிழித்துக்கொண்டு அழுத என் மகள், பாலர் வகுப்பில் சேர்ந்த பிறகு அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் வாய் ஓயாது. வகுப்புக்குள் போனால் ஊமை. மாதங்கள் போயின. நான் பயந்துபோய், அவளை வீட்டருகே ஓர் அம்மா நடத்தும் சிறிய வகுப்புக்கு மாற்றினேன். அதே வாரம் ஆபீசில் அரைநாள் வேலை கேட்டு வாங்கி, மதியம் நானே போய் அழைத்துவரத் தொடங்கினேன். பிள்ளை அழும்போது ஒன்றை மாற்றிவிட்டுப் பொறுத்துப் பார்க்க எனக்கு அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. இப்போது பேசுகிறாள். போன வாரம் எல்லோர் முன்னாலும் ஒரு பாட்டுப் பாடினாள் என்று அந்த அம்மா சொன்னபோது நான் வாசலிலேயே அழுதுவிட்டேன்.

இப்போது ஆபீசில் கேட்கிறார்கள், முழுநாள் வேலைக்குத் திரும்புகிறாயா, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று. சிறிய வகுப்புதான் அவள் வாயைத் திறந்தது என்றால் நான் திரும்பலாம். மதியம் வாசலில் நான் நிற்பதுதான் என்றால் திரும்பக் கூடாது. டிரெசரைத் தேடிப் போய்க் கேட்கலாமா என்றும் நினைத்தேன். ஒண்ண மாத்து, பொறு, பாரு என்பாரா, நல்லா ஓடுறத ஏன் தொடுற என்பாரா? இரண்டையும் அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

கண்ணை மூடினால் அந்த வெள்ளைத் துண்டும் பச்சை அட்டையும் தெரிகின்றன. ஒரு கையில் மஞ்சளான பஞ்சு, இன்னொரு கையில் இடுக்கி. இந்த முறை இரண்டும் என் கைகள். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஒன்றை எடுத்துப் பார்க்கட்டுமா? எடுத்துப் பார்த்து அவள் மறுபடி பேசாமல் போனால், திரும்ப வைத்ததும் பேசுவாளா?