பதினோரு கட்டைகளின் கதாசிரியர்

என் கொழுந்தன் அர்ச்சுனனைப் பெரிய எழுத்தாளர் என்று இப்போது நாலு பேர் சொல்லித் திரிகிறார்கள். அவன் தகரப்பெட்டியைப் பார்ப்பதற்கென்றே சேலத்திலிருந்து ஒருவர் வந்துவிட்டுப் போனார். பார்க்கட்டும். அவனுக்குப் பதினைந்து வருஷம் களி கிண்டிப் போட்டவள் நான். அவன் பிழைப்பு எப்படி நடந்தது என்று அவன் எழுதியதில் இருக்காது. எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் நான் சொல்லலாம்.

காரிமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் காடு. என் வீட்டுக்காரர் மூத்தவர், ஏர் பிடித்தார். இளையவன் எட்டாவது வரை படித்துவிட்டான். படித்த கை கலப்பையில் படக்கூடாதாம். தர்மபுரியில் மஸ்தான் பாய் வைத்திருந்த அச்சுக்கூடத்துக்கு எழுத்துக் கோக்கப் போனான். அங்கே படம் செதுக்கிய பழைய மரக்கட்டைகள் ஒரு சாக்கு கிடந்தன. மூடிப்போன ஏதோ ஒரு அச்சுக்கூடத்தின் கழிவு. வெந்நீர் அடுப்புக்கு வைத்துக்கொள் என்று பாய் கொடுத்தார். இவன் அடுப்பில் வைக்காமல் அதில் நல்லதாகப் பதினொன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஆசிரியராகிவிட்டான்.

அந்தப் பதினொன்றும் எனக்கு மனப்பாடம். புலி, பாம்பு, ரயில், கப்பல், ராணி, கோபுரம், தூக்குமரம், குதிரையில் ஒரு தொப்பிக்காரன், அழுகிற கிழவி, கைகோத்த இரண்டு குழந்தைகள். கடைசியாக ஒரு கிணற்றடி. குடம் ஏந்திய பெண் ஒருத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் கத்தி ஓங்கிய மீசைக்காரன்.

ஊரில் எல்லோரும் கதை கிடைத்த பிறகு படத்துக்கு அலைவார்கள். இவன் கட்டைகளைத் தரையில் பரப்பி, குந்திக்கொண்டு, பகடைக்காய் போல மாற்றி மாற்றி வைப்பான். எந்த வரிசையில் கட்டை நின்றதோ அதுதான் கதை. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே இரண்டு வரிப் பாட்டு, விலை காலணா. சித்தேரி மலையில் தேன் எடுக்கப் போனவன் கதையில்கூட நாலாம் பக்கத்தில் கப்பல் வரும்.

"ஏப்பா அர்ச்சுனா, சித்தேரிக்குக் கப்பல் எந்த வழியா வந்துச்சு?"

"கட்டை சும்மா கெடக்குதுங்க அண்ணி. போட்டேன்."

வெட்கம் என்பது துளிகூட இல்லை.

சந்தைக்குச் சந்தை பெட்டி மேல் ஏறி நின்று கையை ஆட்டிப் பாடுவான். வாங்குகிறவர்களில் பத்துக்கு ஒருவருக்கு எழுத்துத் தெரிந்தால் அதிகம். மற்றவர்கள் படத்துக்காக வாங்கினார்கள். கத்திக்காரன் முன்பக்கத்தில் இருந்தால் புத்தகம் கையில் நிற்காது. அதனால் எந்தக் கதையானாலும் கத்திக்காரன்தான் முன்னால் நிற்பான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவனுக்கு இன்னொரு கிறுக்கும் இருந்தது. நாடகக்காரர்கள் வண்டியிலிருந்து வீசுகிற நோட்டீஸ், கொட்டகைக்காரர்கள் விற்கிற சினிமாப் பாட்டுப் புத்தகம், தீப்பெட்டி மேல் ஒட்டிய படம், ஊரார் அச்சடித்த சிந்து, தான் அச்சடித்ததில் ஒவ்வொன்று, எல்லாம் தகரப்பெட்டிக்குள் போகும். எந்த ஊரில் எந்தத் தேதியில் ஆடினார்கள், பெண் வேஷம் கட்டியவன் யார், எந்தப் பாட்டைத் திரும்பப் பாடச் சொன்னார்கள் என்று ஓரத்தில் எழுதியும் வைப்பான். ராகி மூட்டை வைக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"இதெல்லாம் சரித்திரமுங்க அண்ணி."

"ராசா பேரே இல்லாத சரித்திரமா?"

"ராசா வேசம் கட்டினவன் பேரு இருக்குதுங்களே."

இப்படி ஒருவனிடம் என்ன பேசுவது?

உலக யுத்தம் தொடங்கி இரண்டாம் வருஷம். என் உடன்பிறந்த தம்பி மாதப்பன் பக்கத்து ஊரில் குடித்தனம் இருந்தான். தை மாதம் ஒரு திங்கட்கிழமை அவன் பெண்சாதி சின்னபொண்ணு தண்ணீர் சேந்தப் போய், கிணற்றுப் படியில் பாசி வழுக்கி உள்ளே விழுந்து செத்துப்போனாள். அந்த நேரம் மாதப்பன் சந்தையில் அவரைக்காய் விற்றுக்கொண்டிருந்தான்; நூறு பேர் பார்த்தார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, கருப்பி. காரியம் முடிந்ததும் சின்னபொண்ணின் தாய் முனியாயி, "புளி அடிப்பு முடியட்டும், அதுவரைக்கும் பாப்பா எங்கிட்ட இருக்கட்டும்" என்று ஏரியூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

நம் எழுத்தாளர் சும்மா இருப்பாரா? பத்தே நாளில் சின்னபொண்ணு சோகச் சிந்து வந்துவிட்டது. பாட்டில் குற்றமில்லை என்று படித்தவர்கள் சொன்னார்கள். வழுக்கி விழுந்தாள், புருஷன் சந்தையிலிருந்து ஓடி வந்து மார்பில் அடித்துக்கொண்டான் என்று உள்ளதைத்தான் எழுதியிருந்தான். ஆனால் முன்பக்கத்தில் கத்திக்காரன் நின்றான். தீர்த்தமலை மாசித் திருவிழாவில் நானூறு புத்தகம் போனது. வாங்கியவர்கள் சின்னபொண்ணு என்ற பேரைக் காதில் கேட்டார்கள், கத்தியைக் கண்ணில் பார்த்தார்கள். அவ்வளவுதான், கொலை நடந்துவிட்டது.

புளி அடித்து முடித்துவிட்டு மாதப்பன் குழந்தையை அழைக்க ஏரியூர் போனான். முனியாயி கதவைப் பாதி சாத்திக்கொண்டு அந்தப் புத்தகத்தை நீட்டினாளாம்.

"கத்தியக் காட்டி வெரட்டித் தள்ளினவனுக்கு எம் பேத்தியும் வேணுமா? போடா!"

திரும்பி வந்தவன் எங்கள் காட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். "பாப்பா உள்ள இருந்து அப்பான்னு கூப்பிட்டுச்சுக்கா" என்றான். போட்ட களி வட்டிலிலேயே காய்ந்தது.

நான் அர்ச்சுனனைப் பிடித்தேன்.

"எழுத்தப் படிச்சுப் பாருங்க அண்ணி. வழுக்கி வுழுந்தான்னு தெளிவா போட்டிருக்கறேன்."

"படிக்கத் தெரிஞ்சவன் உன் புக்க ஏன்டா வாங்கறான்?"

தலையைக் குனிந்துகொண்டான். "கெணறு இருக்கற கட்டை அது ஒண்ணுதானுங்க" என்றான்.

பிறகு அவனாகவே ஒரு யுக்தி செய்தான். உளியை எடுத்துக் கட்டையிலிருந்த கத்தியை மட்டும் சீவி எறிந்தான். மீசைக்காரன் வெறும் கையை ஓங்கிக்கொண்டு நின்றான். அதை அச்சடித்து, பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று காரிமங்கலம் சந்தையில் கூவினான். சந்தையே சிரித்தது.

"ஏய் பாட்டுக்காரா, மாதப்பன் கத்திய எங்கடா ஒளிச்சு வெச்ச?"

"கெணத்துல போட்டிருப்பான், எறங்கிப் பாருங்க!"

பழையதை ஒருவரும் திருப்பித் தரவில்லை. புதியதையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஏரியூருக்கும் ஒன்று போய்ச் சேர்ந்தது. மருமகன் ஆள் வைத்துக் கத்தியை எடுக்கச் சொல்லிவிட்டான் என்று முனியாயி ஊரைக் கூட்டிச் சொன்னாளாம். ஒரு பொய்யை அழிக்கப் போய் அதற்குச் சாட்சி தேடிக் கொடுத்தவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரி, நேரில் போவோம் என்றேன். இவன் பாட்டை முனியாயியிடம் பாடிக் காட்டுகிறேன் என்றான். "உன் வாய இங்கயே வெச்சுட்டு வா. அந்தப் பெட்டியத் தூக்கு" என்றேன். பெட்டியைத் தூக்கச் சொன்னது நான். தனக்கே தோன்றியதாக அவன் எங்கோ எழுதி வைத்திருக்கிறானாம். எழுதியிருந்தால் அது பொய்.

பென்னாகரம் வரை கரியில் ஓடுகிற பஸ். அதற்கப்பால் நடை. சரித்திரத்தைத் தலையில் சுமந்துகொண்டு அவன் பின்னால் வந்தான். வழியில் நாலு இடத்தில் இறக்கி வைத்தான். நான் கை கொடுக்கவில்லை.

முனியாயி களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கருப்பி பக்கத்தில் தவிட்டில் கைவைத்து விளையாடியது. எங்களைக் கண்டதும் முனியாயி குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"புள்ளயக் கேக்க வரலைங்க சம்மந்தி. படம் பாக்க வந்தோம்" என்றேன்.

அர்ச்சுனனைப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, முன்பக்கத்தில் கத்திக்காரன் இருக்கிற புத்தகங்களை வரிசையாகக் களத்தில் பரப்பினேன். ஒன்பது இருந்தன. "இது முப்பத்திமூணு, பங்குனி மாசம் அடிச்சது. இது முப்பத்தஞ்சு..." என்று அவன் தொடங்கினான்.

"நேத்து அடிச்சுட்டு வந்து தேதி சொல்றயா?" என்றாள் முனியாயி. "கொலகாரனுக எல்லாம் ஒரே மூஞ்சியாத்தான் இருப்பானுக."

ஆனாலும் கண் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது புத்தகத்தில் நின்றது. ரோஸ் காகிதத்தில் அச்சடித்த ஏதோ ராணி கதை. அதை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். எழுந்து வீட்டுக்குள் போனாள். வெளியே வரும்போது இடுப்பில் ஒரு மரப்பெட்டி. சின்னபொண்ணு கல்யாணத்துக்கு முன்னால் பாவாடை தாவணி வைத்திருந்த பெட்டி. மூடியைத் திறந்து காட்டினாள். உள்பக்கத்தில் ரோஸ் காகிதத்தில் அதே கிணற்றடி, அதே மீசைக்காரன். பதினாலு வயதில் தீர்த்தமலைத் திருவிழாவில் வாங்கி, சோற்றுப் பசை தடவி அந்தப் பெண் ஒட்டியது.

முனியாயி விரலை அந்தக் குடத்தின் மேல் வைத்தாள். "இந்தக் கொடத்துல என்னடா வெள்ளப் புள்ளி?"

அர்ச்சுனன் கத்தி இல்லாத கட்டையைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு உருவி, குடம் இருந்த இடத்தில் குத்திப் பார்த்தாள். ஈர்க்கு உள்ளே போனது; புழு அரித்து மை படாத ஓட்டை. சாமையிலும் மரத்திலும் எத்தனை புழுவைப் பார்த்தவள் அவள்! ஒன்பது புத்தகத்தையும் மறுபடி பார்த்தாள். எல்லாக் குடத்திலும் அதே இடத்தில் புள்ளி.

"ஒரே கட்டையாடா?"

"ஆமாங்க ஆத்தா."

"ராணிக்கும் இதா? எம் பொண்ணுக்கும் இதா?"

"ஆமாங்க."

"எட்டு வருசமா ஒரு புழுத்த கட்டைய வெச்சா ஊரை ஏச்சுத் தின்ன?"

"...ஆமாங்க."

"த்தூ!"

அவன் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டுகளில் நியாயமானது அது ஒன்றுதான். முனியாயி கட்டையை நெல் அவிக்கிற அடுப்பில் செருகினாள். புத்தகங்களையும் அள்ளப் போனபோது அவன் குறுக்கே விழுந்தான். "அதை வுட்டுருங்க ஆத்தா, வேற பிரதி இல்லைங்க." அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், பைத்தியத்தைப் பார்ப்பதுபோல. விட்டுவிட்டாள். என்னிடம் திரும்பி, "வெள்ளிக்கெழம மாதப்பன வரச் சொல்லு. எங்கையால அவனுக்கு ஒரு வேளை சோறு போட்டு அனுப்பறேன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அந்தக் கட்டை போனதோடு இவன் வியாபாரமும் படுத்தது. புலிக்கும் கப்பலுக்கும் யார் காலணா கொடுப்பார்கள்? யுத்தத்தில் காகிதமும் கிடைக்காமல் போக, கொட்டகை நோட்டீஸ் ஒட்டுகிற வேலைக்குப் போனான். ஒட்டுகிறபோதே பெட்டிக்கு ஒன்று எடுத்துக்கொள்வான். பெட்டிதான் என் தம்பி குழந்தையை மீட்டது என்று அவன் சொல்லிக்கொண்டான். வீட்டுக்குத் தீ வைத்தவன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதற்கு மாலை கேட்கிறான்.

முனியாயி சொன்ன அந்த வெள்ளிக்கிழமை மாதப்பன் ஏரியூரிலிருந்து கருப்பியைத் தோளில் உட்காரவைத்து நேரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். நான் களி உருட்டிக் கொடுத்தேன். இருவரும் ஒரே வட்டிலில் தின்றார்கள். குழந்தை கை கழுவாமலே எழுந்துபோய், அர்ச்சுனன் மிச்சக் கட்டைகளைப் பரப்பி வைத்திருந்த இடத்தில் குந்தியது. ஒன்றைத் தூக்கியது.

"இது என்னா?"

"கப்பலு" என்றான்.

"எங்க போவுது?"

என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "சித்தேரிக்கு" என்றான்.

குழந்தை தலையை ஆட்டிக்கொண்டது. கையில் கரண்டி இருந்தது, ஓங்கினேன். மாதப்பன் சிரித்தான். தை மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான், அதனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.