அலசி வைத்த குழாய்கள்

ஐரோப்பாவில் யுத்தம் மூளுவதற்குக் கொஞ்சம் முந்தைய கோடையில் எங்கள் ஒரே மகனுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. மூன்று வயதுப் பிள்ளை. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்து, மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குழி உள்ளே போயிற்று. பெற்றவனுக்கு அதைப் பார்க்கிற தண்டனையை எவன் எழுதினானோ.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தமும் சளியும் சோதிப்பது என் வேலை. பிள்ளையை அங்கேயே, என் சோதனை அறைக்கு அடுத்த அறையில் கிடத்தியிருந்தோம். இந்த நோய்க்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து ஒன்று சீமையிலிருந்து வரும். எங்களிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. மதராஸுக்குத் தந்தி அடித்தோம். ஆற்றுப்பாலம் தாண்டி ரயிலடிக்கு ஓடி, வெறுங்கையோடு திரும்பினேன். மறுபடி ஓடினேன். பாழாய்ப்போன ரயில், நிலக்கடலை மூட்டையெல்லாம் கொண்டுவந்தது, மருந்தை மட்டும் கொண்டுவரவில்லை.

கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். இதே நோயில் விழுந்து பிழைத்தவர்களின் ரத்தத்தில் நோயை அடக்கும் சத்து ஊறியிருக்கும். அந்த ரத்தத்தை உறையவிட்டு, சிவப்பணுக்களைப் பிரித்து, மேலே நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் எடுத்துப் பிள்ளைக்குப் போடலாம். பலிக்கும் என்று அவர் சொல்லவில்லை. சீக்கிரம் போடவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பிழைத்தவள் மேலப்பாளையத்தில் ஒரு நெசவுக்காரப் பெண். போன மாதம் அவளும் அவள் மகளும் எங்களிடம்தான் கிடந்தார்கள். அவள் மட்டும்தான் வீடு திரும்பினாள். அவளிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? போனேன். பாதி சொல்வதற்குள் தறியை விட்டு எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நடங்க அண்ணாச்சி, வாரேன்," என்றாள்.

புறப்படும் முன்பே ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்களைக் கொதிக்கவைத்து, சூட்டில் சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, துணி போட்டு மூடியிருந்தேன். வெறும் தண்ணீர் பட்டால் சிவப்பணுக்கள் உப்பி உடைந்து, சாயமெல்லாம் மஞ்சள் நீரில் இறங்கிவிடும். நாங்கள் வந்ததும் டாக்டரம்மா ரத்தம் பிடித்தார். நான் பிள்ளையிடம் ஓடினேன்.

ரத்தம் உறையும்வரை காத்திருந்து, குழாய்களை ரத்தம் பிரிக்கும் கைச்சக்கரத்தில் பொருத்திச் சுற்றினேன். தோள் கழன்றுவிடும்போல் சுற்றினேன். நிறுத்தி எடுத்துப் பார்த்தால், மஞ்சளாக நிற்கவேண்டியது நன்னாரி சர்பத் மாதிரி சிவந்து நின்றது.

டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதைப் போட்டால் நடுக்கம் காணும். பிள்ளை தாங்க மாட்டான். குழாயில் தண்ணீர் இருந்ததா?"

வாசலில் நின்றிருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். "நாந்தாம்மா, இவுக போன பொறவு அலசி வச்சேன். வெறுங்குழாயா கெடந்துது. காய்ச்சி ஆத்துன தண்ணிதான். பிள்ளைக்குப் போறதாச்சே."

எங்கள் பக்கத்தில் வழிப்போக்கன் தண்ணீர் கேட்டால்கூடத் தம்ளரை ஒருதரம் அலசாமல் கொடுக்க மாட்டார்கள். அவள் தன் பிள்ளைக்கு அதைத்தான் செய்திருக்கிறாள். டாக்டரம்மா வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்து, சொல்லவேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"வெயில் சூட்டுல கெட்டுட்டுதும்மா," என்றேன். மனைவியிடம், "நீ பைய உள்ள போயி அவன் பக்கத்துல இரி," என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெசவுக்காரப் பெண் மற்றக் கையை நீட்டினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. டாக்டரம்மா தயங்கினார்.

"எடுங்கம்மா. எம் பிள்ளைக்குத்தான் யாரு ரத்தமும் இல்லாமப் போச்சு," என்றாள் அவள்.

மறுபடி குழாய் காயவேண்டும். மறுபடி ரத்தம் உறையவேண்டும். உறைகிற ரத்தத்தை அதட்டவா முடியும்? சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை மூச்சு இழுப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. ஜெபம் பண்ணினேன். வேண்டிய வாயாலேயே ஆண்டவரைக் கண்டபடி ஏசவும் செய்தேன். இந்தத் தடவை சுற்றி எடுத்தபோது, செக்கு நல்லெண்ணெய் மாதிரித் தெளிவாக, மஞ்சளாக நின்றது. என் உத்தியோகத்தில் அவ்வளவு சுத்தமாக நான் பிரித்ததே இல்லை.

டாக்டரம்மா அதை ஊசியில் ஏற்றிப் போட்டார். "கொஞ்சம் முந்திப் போட்டிருந்தால்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பொழுது சாயும் முன்பே பிள்ளை போய்விட்டான்.

அடக்கம் முடிந்து சில நாள் ஆயிற்று. ஒரு காலையில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க சாமானத் தொட்டா நீங்க என்னா ஏச்சு ஏசுவீங்க. அன்னைக்கு நான் குழாய அலசுனேன்னு சொன்னதுக்கு ஏன் ஏசல?"

அப்போதாவது நான் வழக்கம்போல் கத்தியிருந்தால், வெயில்தான் கெடுத்தது என்று நம்பியிருப்பாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.