கேட்டுக்கு வெளியே நின்ற அக்கா

அக்கா தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. காலையில் கோட்டி வேலைக்கு, அதாவது வசதியானவர்களின் வீடுகளில் வேலை செய்ய, போகும் வழியில் டீக்கடை ஓரமாக நின்று நாங்கள் ஆளுக்கொரு டீ குடிப்போம். அக்கா மட்டும் ஒரு ரஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கடித்துக்கொண்டிருப்பார். தில்லியின் ஜூன் மாத வெயிலில் அவர் உதடு காய்ந்து வெடித்திருக்கும். "ஒரு வாய் குடிங்கக்கா" என்றால், "வேலை முடிச்சு வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்" என்பார். காரணம் எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. சில வாரங்களில் நானும் காலை டீயை விட்டுவிட்டேன். அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் காலையில் நுழைந்தால் பிற்பகல்வரை வீடு வீடாக வேலை. அத்தனை வீட்டுக் கழிப்பறைகளையும் நாங்கள்தான் தேய்த்துக் கழுவினோம். அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் பயன்படுத்தக் கூடாது.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்யாணமாகித் தில்லிக்கு வந்து, முனிர்காவைத் தாண்டியிருந்த ஒரு ஜுக்கிக் குடிசையில் குடியேறினேன். ப்ளஸ் டூ வரை படித்திருந்தாலும் இந்தி தெரியாது. சமையல் வேலைக்கு என்னை முதல் வீட்டுக்குக் கூட்டிப்போனவர் அக்கா. அவர் ஆத்தூர்க்காரர். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அக்கா இங்கே ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அவருடைய இந்தியில் ஆண் பெண் வேறுபாடே கிடையாது. வேலை செய்யும் வீட்டு ஐயாவைப் 'போகிறாள்' என்பார், மேடத்தை 'வருகிறான்' என்பார். வங்காளத்துப் பெண்களும் பீகார் பெண்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் மூன்று மொழிக்காரப் பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசப் பழகினோம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதைச் சங்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஒரு ஜமக்காளத்தை விரித்து உட்காருவோம், அவ்வளவுதான்.

எங்களில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தாள். மேல்மாடியில் வேலை. காலை நேரத்தில் வேலைக்காரர்களுக்கு லிஃப்ட் கிடையாது. ஒரு நாள் அவள் வீட்டு மேடத்திடம் கழிப்பறையைக் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் மறுத்துவிட்டார். படியிறங்கி வெளியே ஓடிவிடலாம் என்று இறங்கியவளால் பாதிப் படிக்கு மேல் அடக்க முடியவில்லை. காவலாளி வந்து பார்த்துவிட்டு, அவளையே துடைக்கச் சொன்னான். நனைந்த புடவையோடு அவள் படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா மேலிருந்து இறங்கி வந்தார். துணியை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். "யாரு வேணா தொடைக்கட்டும். நீ எந்திரி" என்றார். அன்று மாலை அவர் எங்கள் ஒவ்வொருத்தி வீட்டுக் கதவையும் தட்டினார். கோபமாகப் பேசவே இல்லை. "நாளைக்கு உள்ள போக வேணாம். கேட்டுக்கு எதிர்ல உட்காருவோம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். நான் யார் கண்ணிலும் படாமல் மரத்தோடு ஒட்டி உட்கார்ந்தேன். குடியிருப்பின் செயலாளர், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, வெளியே வந்து, "யார் உங்கள் தலைவர்?" என்று கேட்டபோது எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா என்னைப் பார்த்தார். "நீ போய்ச் சொல்லு."

"எனக்கு இந்தி வராதேக்கா."

"எனக்கு மட்டும் வருதா? நானே பேசினா இது என் சண்டையாப் போயிரும். நீ பயந்தவன்னு எல்லாருக்கும் தெரியும். நீ பேசினாத்தான் இவளுங்களுக்கும் தைரியம் வரும்."

நான் எழுந்து போய்ச் சொன்னேன். 'பாத்ரூம்', 'லிஃப்ட்' என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக வரவில்லை. ஆனால் எனக்குப் பிறகு ஒரு வங்காளத்துப் பெண் எழுந்து பேசினாள். அதன் பிறகு இன்னொருத்தி. அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

வீடுகளில் பாத்திரம் குவிந்தது. மூன்றாவது நாள் காலையில் செயலாளர் மறுபடி வந்தார். கீழ்த்தளத்தில் பூட்டிக்கிடந்த கழிப்பறையைத் திறந்துவிடுவார்கள். ஒரு லிஃப்டை எங்களுக்கு விடுவார்கள். யாருடைய வேலையும் போகாது, ஒருத்தியைத் தவிர. அவர் விரலை நீட்டவில்லை. பின்வரிசையைப் பார்த்தார், அதுவே போதுமானதாக இருந்தது. அவர் யாரிடமோ சரியாக விசாரித்திருந்தார்.

நாங்கள் முடியாது என்று கத்தினோம். அக்கா எழுந்து எங்களை மரத்தின் மறுபக்கம் கூட்டிப்போனார்.

"எதுக்கு உட்கார்ந்தோம்?"

யாரோ, "பாத்ரூமுக்கு" என்றாள்.

"கெடச்சுதா?"

ஒருத்தி தலையை ஆட்டினாள்.

"அப்ப உள்ள போங்க. எனக்கு வேலை கேட்டு இங்க உட்காரல."

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பாத்துக்கறேன். ஜல்தி போங்க. அவங்க மனசு மாறிடப் போவுது."

கடைசிப் பெண் உள்ளே போகும்வரை அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நான் நாலாவது மாடிச் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மதில் ஓரமாக அக்கா தனியாக நடந்துபோய்க்கொண்டிருந்தார். மேலிருந்து பார்க்க மிகச் சிறியவராகத் தெரிந்தார். திருப்பத்தில் மரம் மறைத்துவிட்டது. உள்ளேயிருந்து மேடம் சப்பாத்திக்குக் குரல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எந்தக் குடியிருப்பிலும் அக்காவுக்கு வேலை கிடைக்கவில்லை. காவலாளிகளின் கைபேசிகளில் அவருடைய படம் இருந்தது. அந்த வயதில் சித்தாள் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழையபடி ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு வருவார். முதலில் நல்ல கூட்டம் வந்தது. பிறகு மேடங்கள், "அந்தப் பொம்பளையை இன்னும் பார்க்கிறாயா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தியாக வருவதை நிறுத்தினார்கள். ஒரு ஞாயிறு எனக்கும் வேலை முடிய நேரமாகிவிட்டது. போனபோது அத்தனை பெரிய ஜமக்காளத்தின் ஓரத்தில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். நடுவில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு இடம் இருக்காது என்பதுபோல் ஒதுங்கியிருந்தார்.

"யாரும் வரலியாக்கா?"

"வேலை இருக்கும். வருவாங்க."

இருட்டும்வரை இருந்தோம். வேறு யாரும் வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவர் மகனிடம் போய்விட்டார் என்று பக்கத்து அறைக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வழியனுப்ப யாரையும் அலையவைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

பிறகு, பெண்களுக்கு வேலையில் தகராறு வந்தால் யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் நாள் பேசியவள் என்பதால் என்னைத் தேடி வந்தார்கள். இன்று எங்கள் சங்கத்துக்குப் பெயர் இருக்கிறது, பலகை இருக்கிறது. வேலை போனால், சம்பளம் நின்றால், பெண்கள் என் கதவைத் தட்டுகிறார்கள். மற்ற நாட்களில் நான் பஸ்ஸில் ஏறினால் பேச்சு தணிந்துவிடுகிறது. பக்கத்து இருக்கையில் உட்காரத் தயங்குகிறார்கள். யாராவது பார்த்து மேடத்திடம் சொல்லிவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. என் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "அச்சா அம்மா, விடேன் இதையெல்லாம்" என்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. இதை எழுதுவதைக்கூட அவளால் எட்டிப்பார்த்துப் படிக்க முடியாது.

போன வருடம் அக்காவின் எண் கிடைத்தது. திருப்பூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். காது சரியாகக் கேட்கவில்லை. ஊர்க்கதைகளெல்லாம் பேசி முடித்த பிறகு, இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு எங்களை உள்ள போகச் சொல்லிட்டு நீங்க மட்டும் போனீங்களே, எப்படிக்கா இருந்துச்சு?"

கேட்கவில்லை போலிருக்கிறது என்று திரும்பச் சொல்ல வாயெடுத்தேன்.

"போகச் சொன்னது நான்தான். நீங்க போனது சரிதான்" என்றார். "ஆனா பஸ் ஸ்டாப் வரைக்கும் யாராச்சும் ஒருத்தி கூட வருவான்னு நெனச்சேன்."

அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உடனே, அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று கேட்டார். பையன் என்றேன், பள்ளிக்கூடம் போகிறான் என்றேன். சிரித்தார். போனை வைத்த பிறகும் நான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்காவிடமிருந்து நான் கற்றுக்கொண்டதாகப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்: பின்வரிசையில் உட்காருவது, பயந்தவளை முதலில் பேசவிடுவது, கேட்டது கிடைத்ததும் எழுந்துவிடுவது. அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இது ஒன்று. இவ்வளவு தூரத்திலிருந்து, இவ்வளவு காலம் கழித்து எனக்குக் கிடைத்தது.

போன மாதம் வேறொரு குடியிருப்பில் வாரம் ஒரு நாள் விடுமுறை கேட்டு உட்கார்ந்தோம். கிடைத்தது. முதலில் பேசிய பீகார்ப் பெண்ணுக்கு மட்டும் வேலை இல்லை என்றார்கள். அவளுக்காக இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம். அவர்கள் இறங்கி வரவில்லை. கடைசியில் மற்றவர்களை உள்ளே போகச் சொன்னேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"வா" என்று அவள் கையைப் பிடித்தேன்.

மதில் ஓரமாக நடந்தோம். என் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது; நான் சமைக்க வேண்டிய வீடு. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் அவள், "தீதி, உங்களுக்கு வேலைக்கு நேரமாகலையா?" என்று அக்கா முறை சொல்லி இந்தியில் கேட்டாள். இல்லை என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. அவள் வீட்டுப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அவளை முதலில் ஏறவிட்டு, நானும் ஏறினேன்.