சத்தம் பெரிதாகும் பக்கம்

நேற்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டி, "இதுல எது பெட்டர்க்கா?" என்றாள். இரண்டும் சிறந்த விடையைத் தேடும் கணினி நிரல்களின் ஓட்டம்; கோடு உயர உயர விடை மேல். ஒன்று விறுவிறுவென்று ஏறி, பாதியிலேயே படுத்துவிட்டது. மற்றது ஏறி இறங்கித் தள்ளாடிக்கொண்டே போனது. படுத்த கோட்டைப் பார்த்ததும், நம்புங்கள், எனக்குப் பழைய சாயங்காலம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

முதல் வேலையிலும் எனக்கு இதே ஒப்பீடுதான். வீட்டிலிருந்தே வேலை. மலையூரான வாழவந்தியில் எங்கள் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். நானும் மடிக்கணினியும் அங்கேயே குடியிருந்தோம். முதல் நிரலுக்கு ஒரே கொள்கை: எந்தப் பக்கம் இதைவிட மேலோ, அங்கே போ; இல்லையென்றால் நில். இரண்டாவது அவ்வப்போது கீழேயும் இறங்கிப் பார்க்கும். அதை 'வெட்டி அலைச்சல்' என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். பெரிய மேதை!

அதை எழுதிய அன்று சாயங்காலம் பனிமூட்டம் இறங்கியது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போன அம்மா திரும்பவில்லை. அவள் போன் அடுப்படியில் கிடந்தது. முந்தின நாள்தான் அந்தப் பக்கம் ஒருவரைக் காட்டெருமை முட்டியிருந்தது. அப்பாவும் நானும் ஓடினோம். செடிகளுக்குள் நீட்டிய கையே தெரியவில்லை.

எங்கிருந்தோ, "ஏனுங்க..." என்று அம்மா குரல். அப்பாவை அவள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அந்த நிலையிலும் மரியாதை!

"சத்தம் பெருசா கேக்கற பக்கமே போலாங்கப்பா" என்றேன்.

போகப் போகக் குரல் பெரிதானது. கடைசியில் ஒரு பாறையில் முட்டி நின்றோம். அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குரல் தேய்ந்தது. ஆனால் அம்மா அங்கே இல்லை. பாறைதான் அவள் குரலை எதிரொலித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஏதோ கிளை முறிந்தது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நொம்ப பயமா இருக்குதுங்கப்பா."

"எனக்கு மட்டும் இல்லியா கண்ணு?"

வேறு வழி தெரியாமல், குரல் தேய்கிற பக்கமாகவே அப்பாவை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். குரல் தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போனது. அப்பா அழுதுவிட்டார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியதும், காலடிப் பள்ளத்திலிருந்து திடீரென்று கேட்டது:

"ஏனுங்க, வர்றதுக்கு இத்தன நேரமா?"

கால் பிசகி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் 'வெட்டி அலைச்சலை' அடித்துவிட்டு அறிக்கையை மாற்றி எழுதினேன். நேற்று அந்தப் புதுப் பெண்ணிடமும் தள்ளாடுகிற கோட்டைத்தான் காட்டினேன்.

அப்பா இப்போது இல்லை. அம்மா என்னோடு பெங்களூரில் இருக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போனபோது அந்தச் சரிவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். பாறையை உடைத்து ரிசார்ட் கட்டிவிட்டார்கள். அது இருந்த பக்கம் பார்த்து அம்மா, "ஏனுங்க..." என்று கூப்பிட்டாள்.

காது கொடுத்து நின்றோம். ஒன்றும் திரும்பி வரவில்லை.